பெயர் தெரியாத பூக்கன்றை விற்காதீர்கள்

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபோது மழையில் நனைந்துவிட்டது என்றார் அந்த வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை நாம் எல்லோரும் ஜும்ஆ பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அரிசி, பருப்பு, துணி என்று வரும்போது அதை ஓரளவு நினைவிலும் வைத்திருக்கிறோம்.

பூக்கன்று வியாபாரத்தில் அந்த "ஈரம்" எது? இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அண்மைக் காலமாக நமது சகோதரர்கள் பலரும், குறிப்பாக வீட்டிலிருந்தே ஏதாவது வருமானம் தேட விரும்பும் சகோதரிகளும், அலங்காரச் செடிகளை வளர்த்து விற்கத் தொடங்கியுள்ளார்கள். நல்ல தொழில். குறைந்த முதலில் தொடங்கலாம். ஆனால் அரிசியின் குறை அன்றிரவு சோறு சமைக்கும்போதே தெரிந்துவிடும். செடியின் குறை தெரிய ஒரு மாதம் செல்லும். அதற்குள் காசு கை மாறியிருக்கும், வாங்கியவரும் தன் மீதே பிழை என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவே இந்தத் தொழிலில் மறைப்பது மிக இலகு. தெரியாமலேயே மறைப்பது அதைவிட இலகு.

எனக்கு நேர்ந்தது

என்னுடைய தொழில் ஹாட்வெயார். 2020 மார்ச்சில் ஊரடங்கு போடப்பட்டு, பின்னர் கடைகள் மெல்ல மெல்லத் திறக்கப்பட்ட காலத்தில் சீமெந்தும் பெயின்டும் சரியாக ஓடவில்லை. வீட்டிலேயே முடங்கியிருந்த மக்கள் பூச்சாடியும் மண்வெட்டியும் கேட்டு வந்தார்கள். பூச்சாடி வாங்குபவர் கன்றும் வாங்குவார் என்ற கணக்கில், நாற்றுமேடை ஒன்றிலிருந்து ஒரு லொறி கன்றுகளை இறக்கி கடை வாசலில் அடுக்கினேன். அல்ஹம்துலில்லாஹ், நன்றாக விற்றது.

ஒரு நாள் பக்கத்து ஊர்ச் சகோதரி ஒருவர் வந்து, பச்சை இலையில் வெள்ளை தெளித்ததுபோல் இருந்த ஒரு செடியைக் காட்டிக் கேட்டார்.

"நானா, இது என்ன கண்டு?"

"பேர் தெரியா தங்கச்சி. வீட்டுக்குள்ள வெச்சா அழகா வளரும்."

மூன்று வாரம் கழித்து ஒரு பின்னேரம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவருடைய இரண்டு வயதுக் குழந்தை அந்த இலையைக் கடித்துவிட்டது. நாக்கும் உதடும் வீங்கி, எச்சில் வடிந்து, அழுவதற்குக்கூட முடியாமல் குழந்தை தவித்தது. வைத்தியசாலையில் இருந்துதான் பேசினார். "நானா, டொக்டர் என்ன செடியென்று கேக்கிறார். பேர் என்ன?" என்றார். நான் விற்ற பொருள். எனக்குப் பெயர் தெரியவில்லை. "பச்சையில் வெள்ளைப் புள்ளி" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. வீட்டிலிருந்து யாரோ ஓர் இலையைப் பறித்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அதைப் பார்த்த பின்னர்தான் வைத்தியர் அது டிபன்பேக்கியா என்று சொன்னாராம்.

அல்லாஹ்வின் கிருபையால் மறுநாளே குழந்தை தேறிவிட்டது. அடுத்த வாரம் அந்தச் சகோதரி கடைக்கு வந்து, பூச்சாடியை மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் ஏசாமல் நின்றார். ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பெயர் தெரியாத ஒரு கன்றையும் என் வாசலில் வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கையில் ஒரு கொப்பியுடன் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் பலமுறை போனேன். 1821இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவில் மரங்களுக்கும் செடிகளுக்கும் பெயர்ப்பலகை உண்டு. நமது வீட்டு வாசல்களில் நிற்கும் செடிகளின் பெற்றோரை அங்கே காணலாம். அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் கீழே தருகிறேன்.

சந்தைப் பெயர் பெயராகாது

முதலில் ஒரு விடயம். சந்தையில் வழங்கும் பெயரை மட்டும் நம்பி வியாபாரம் செய்ய முடியாது. மூன்று உதாரணங்களைப் பாருங்கள்.

"லக்கி பம்பு" என்று கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டு விற்கிறார்கள். அது மூங்கிலே அல்ல. மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்த டிரசீனா வகைச் செடி. அதில் அதிர்ஷ்டமும் இல்லை. சகுனம் பார்ப்பதை மார்க்கம் தடுத்திருக்க, வீட்டில் வைத்தால் காசு வரும் என்று சொல்லி ஒரு முஸ்லிம் வியாபாரி அதை விற்கலாமா? மணி பிளான்டும் அப்படித்தான். பசுபிக் சமுத்திரத் தீவொன்றிலிருந்து உலகமெங்கும் பரவிய கொடி அது. அழகான செடி, காற்றோட்டமுள்ள நிழலில் இலகுவாக வளரும் என்று சொல்லி விற்றால் போதும். உண்மையே நல்ல விளம்பரமாக இருக்கும்போது பொய் எதற்கு?

மூன்றாவது உதாரணம் ஆபத்தானது. தமிழில் அலரி என்றால் ஒரு செடி. சிங்களத்தில் அரலிய என்றால் வேறொரு மரம். நாம் இரு மொழியிலும் வியாபாரம் செய்பவர்கள். காதில் விழுவது ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அரலிய என்பது பன்சலைகளில் நிற்கும், தடித்த கிளைகளின் நுனியில் பெரிய இலைகள் கூட்டமாக இருக்கும் மரம். அலரி என்பது நீண்ட ஒடுங்கிய இலைகள் ஒரே கணுவில் மூன்று மூன்றாக நிற்கும், வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூப்பூக்கும் புதர். மஞ்சள் அலரி இன்னொன்று. அதன் இலை இன்னும் ஒடுங்கியது, பூ மஞ்சள் நிறப் புனல்போல இருக்கும், காய் பச்சையாக முனை தள்ளி நிற்கும். அலரி, மஞ்சள் அலரி இரண்டும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை. வேலிக்கு நல்லது, வரட்சியைத் தாங்கும் என்று கேட்டு வருபவரிடம், சிறு பிள்ளைகளோ ஆடுமாடுகளோ உள்ள வீடா என்று விசாரிக்காமல் அவற்றைக் கொடுக்கக் கூடாது.

செடியை அடையாளம் காண்பது எப்படி?

பூ இருந்தால் எவரும் பெயர் சொல்வார்கள். விற்பனைக்கு வரும் கன்றில் பெரும்பாலும் பூ இருக்காது. ஆகவே இலையையும் தண்டையும் பார்க்கப் பழக வேண்டும். நான் பார்ப்பது நான்கு விடயங்கள்.

1. இலைகள் நிற்கும் ஒழுங்கு. ஒன்றுக்கொன்று எதிரெதிராகச் சோடியாக நிற்கின்றனவா, மாறி மாறி ஒவ்வொன்றாக நிற்கின்றனவா, ஒரே கணுவில் மூன்றாகவா? எக்ஸோரா சோடி. செவ்வரத்தை மாறி மாறி. அலரி மூன்று.

2. இலையின் விளிம்பும் நரம்பும். செவ்வரத்தையின் விளிம்பில் பல் இருக்கும். எக்ஸோராவின் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும்.

3. சாறு. பழுத்த இலை ஒன்றைக் கையுறையுடன் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் எச்சரிக்கை. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முள் நிறைந்த யூபோர்பியாவும் அரலியவும் இப்படிப் பால் வடிப்பவை.

4. தண்டு. முள் உண்டா, பழைய இலைகள் விழுந்த தழும்பு வளையம் வளையமாக உண்டா, நிலத்துக்குள் கிழங்கு ஓடுகிறதா?

இவற்றைக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் காய்ந்த இலை ஒன்றை ஒட்டிவைத்தால் ஆறு மாதத்தில் கடைப் பையனும் தேர்ச்சி பெற்றுவிடுவான்.

அடிக்கடி விற்பனையாகும் எட்டுச் செடிகள்

குரோட்டன்: தடித்த இலையில் மஞ்சள், சிவப்பு, பச்சை கலந்து நிற்கும். மாறி மாறி வரும் இலைகள். வெயில் இருந்தால்தான் நிறம் வரும். வரவேற்பறை மூலைக்கு வாங்கிச் செல்பவருக்கு இரண்டு மாதத்தில் அது வெறும் பச்சையாகத் தெரியும். இடம் மாற்றியவுடன் சில இலைகளை உதிர்ப்பது இதன் இயல்பு. இதை முன்கூட்டியே சொன்னால் வாங்கியவர் பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டிக் கொல்லமாட்டார். தண்டுத் துண்டிலும் பதியத்திலும் இலகுவாக வேர்விடும். சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

கடதாசிப்பூ: போகன்வில்லா என்று நாற்றுமேடைகளில் சொல்வது இதைத்தான். தென்னமெரிக்கச் செடி. நாம் பூ என்று பார்க்கும் நிறம் உண்மையில் இலைதான். மூன்று நிற இலைகளுக்கு நடுவே சின்னக் குழல்போல இருப்பதுதான் பூ. முள் உண்டு. முழு வெயில் வேண்டும். தண்ணீரும் பசளையும் அதிகமானால் கொடி நீளுமே தவிர நிறம் வராது. மண் காய்ந்த பின் தண்ணீர் விட்டு, ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் கத்தரித்துவிட்டால் புதுக் கிளைகளில் மீண்டும் பூக்கும். "எங்கட வீட்டில பூக்கவே இல்லை" என்று முறையிடுபவர்களில் பெரும்பாலானோர் அதை நிழலில் வைத்தவர்கள் அல்லது தினமும் தண்ணீர் ஊற்றியவர்கள்.

செவ்வரத்தை: ஒரு பூ பெரும்பாலும் ஒரு நாள்தான். புதிய கிளையின் நுனியில் பூப்பதால் கத்தரிக்கத் தயங்கக் கூடாது. இதன் எதிரி வெண்மூட்டுப் பூச்சி. குருத்தில் வெள்ளைப் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். எறும்பு ஏறி இறங்கினால் அங்கே பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், ஏனெனில் பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. மோசமான குருத்தை வெட்டி எரித்துவிட்டு, மிகுதியை ஐதான சவர்க்காரத் தண்ணீரால் துடைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். பூச்சி பிடித்த ஒரு சாடியை விற்பது, வாங்குபவரின் முழுத் தோட்டத்துக்கும் பூச்சியை விற்பதாகும்.

எக்ஸோரா: தமிழில் வெட்சி. நமது நாட்டிலும் தென்னிந்தியாவிலும் இயற்கையாக வளரும் இனம் இதில் உண்டு. நான்கு இதழ் கொண்ட சிறு பூக்கள் கொத்தாக வரும். இதைப் பற்றி ஒரு ஹாட்வெயார்காரன் என்ற முறையில் சொல்ல வேண்டியது உண்டு. புதிதாக மதில் கட்டி, பூச்சுப் பூசி, அதன் ஓரமாகவே எக்ஸோரா வரிசை வைப்பது நம்மவர்களின் வழக்கம். சில மாதங்களில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். நோய் என்று மருந்தடிக்கிறார்கள். காரணம் சீமெந்து. அதிலிருந்து மழையில் கரைந்து வரும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுகிறது. எக்ஸோராவுக்கு அமிலத் தன்மையுள்ள மண் வேண்டும். மண் காரமானால் அதிலுள்ள இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியாது. மதிலிலிருந்து இரண்டடி தள்ளி, கட்டட இடிபாடுகளை அகற்றி, கூட்டெருவும் உக்கிய இலையும் கலந்து நடுங்கள்.

அந்தூரியம்: தென்னமெரிக்க மழைக்காட்டுச் செடி. பளபளக்கும் சிவப்புத் தட்டு பூவல்ல. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் திரியில்தான் உண்மையான பூக்கள் பொடிப்பொடியாக உள்ளன. நேரடி வெயில் பட்டால் இலை கருகும். வெறும் மண்ணில் நட்டால் வேர் அழுகும். தேங்காய் மட்டைத் துண்டு, கரி, சிறு கல் என்று காற்று ஓடும் கலவை வேண்டும். இலை விளிம்பில் நீர் ஊறியதுபோல் மஞ்சள் படர்ந்து கருகினால் அது பக்டீரியா நோயாக இருக்கலாம். அந்தச் சாடியை உடனே அப்புறப்படுத்தி, வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் கிருமிநாசினியில் தோய்க்க வேண்டும். இந்தச் செடியை வளர்க்கும் சகோதரிகள் ஒரே கத்தியால் வரிசை முழுவதையும் வெட்டிக்கொண்டு போகாதிருப்பது அவர்களது முதலைப் பாதுகாக்கும்.

டிபன்பேக்கியா: எனக்குப் பாடம் படிப்பித்த செடி. தடித்த தண்டு, அதில் வளையத் தழும்புகள், அகன்ற இலையில் வெள்ளை அல்லது மஞ்சள் தெளிப்பு. கடித்தவர் பேச்சிழந்து போவதால் ஆங்கிலத்தில் இதற்கு ஊமைக் கரும்பு என்ற பொருளில் ஒரு பெயர் உண்டு. இலைக்குள் ஊசிபோன்ற கல்சியம் ஒக்சலேட் பளிங்குகள் நிறைந்துள்ளன. கடித்தால் அவை வாயிலும் நாக்கிலும் குத்தி வீக்கத்தை உண்டாக்கும். இதைப்போலவே தோற்றமளித்து, இலை சற்று ஒடுங்கிய அக்லோனீமாவிலும், மணி பிளான்டிலும், அந்தூரியத்திலும் இதே பளிங்குகள் உண்டு. பிள்ளை கடித்துவிட்டால் வாயில் உள்ளதைத் துடைத்தெடுத்து, தண்ணீரால் கழுவி, வாந்தி எடுக்க வைக்காமல், இலையையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சுப் பொருட்கள் பற்றித் தகவல் தரும் தேசிய நிலையமும் உண்டு. இந்தச் செடிகளை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் விற்கிறேன். உயரமான இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று சொல்லி விற்கிறேன்.

மருள்: பாம்புச் செடி, சான்சவீரியா என்றும் சொல்வர். வாள்போல் நிமிர்ந்த தடித்த இலை. நமது உலர் பிரதேசக் காடுகளில் தானாக வளரும் இனம் ஒன்றும் உண்டு. கடையில் விலை போவது மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த, மஞ்சள் கரை உள்ள வகை. மறந்தாலும் சாகாத செடி. ஊற்றிக்கொண்டே இருந்தால் அழுகிச் சாகும். இங்கே ஒரு வியாபார இரகசியம் உண்டு. இலையைத் துண்டு துண்டாக வெட்டி நட்டால் வேர்விட்டுப் புதுக் கன்று வரும், ஆனால் அதில் மஞ்சள் கரை வராது, பச்சையாகவே வரும். மஞ்சள் கரை வேண்டுமானால் நிலத்துக்குள் ஓடும் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். இலைத் துண்டில் வேர்விட்டதை, குருத்து வரும் முன்பே மஞ்சள் கரைக்காரன் என்று கூடிய விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். அதுதான் குவியலுக்கு அடியில் உள்ள ஈரம்.

ஹைட்ரேஞ்சியா: நுவரெலியாப் பக்கம் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பந்து பந்தாகப் பூப்பது. பார்த்தவர்கள் ஆசைப்பட்டு வாங்குவார்கள். குளிர்ப் பிரதேசச் செடி. அதை லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் காத்தான்குடியிலோ மருதமுனையிலோ விற்றால் பூவோடு ஒரு வாரம் நிற்கும், பிறகு வெக்கையில் வாடும். கரையோர மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் கடதாசிப்பூ போன்றவைதான் ஈடுகொடுக்கும். எந்த ஊருக்கு எது சரிவரும் என்று தெரிந்தவனே அந்த ஊருக்குரிய வியாபாரி.

எல்லாச் செடிகளுக்கும் பொதுவான பராமரிப்பு

தண்ணீர்: சாடிச் செடிகளைத் தாகம் கொல்வதைவிட அதிகமாகத் தண்ணீர் கொல்கிறது. வேருக்கும் மூச்சு வேண்டும். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் இன்று வேண்டாம். காய்ந்திருந்தால் அடியால் வடியும் வரை ஊற்றுங்கள். ஒவ்வொரு சாடிக்கும் அடியில் துளை இருக்க வேண்டும். துளையில்லாத அழகான சாடியை நானும் விற்றிருக்கிறேன். இப்போது விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்கிறேன்.

மண்: மேல் மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, தேவையென்றால் கொஞ்சம் ஆற்று மணல். தும்புத்தூளை அப்படியே போடாதீர்கள். அதில் உப்பும் கறையும் இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிய பின்பே கலக்க வேண்டும்.

பசளை: கொஞ்சமாக, ஈரமான மண்ணில், தண்டிலிருந்து தள்ளி. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் தளர்த்தப்படும் வரை, ஒரு பிடி யூரியாவை நம்பியிருந்தவர்கள் தடுமாறிப் போனார்கள். சமையலறைக் கழிவிலும் சருகிலும் கூட்டெரு செய்யத் தெரிந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அந்தப் பழக்கத்தை இப்போதும் விட்டுவிட வேண்டாம்.

வெயிலுக்குப் பழக்குதல்: நிழல் வலைக்குக் கீழே வளர்ந்த கன்றை ஒரே நாளில் நடுவெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். ஒரு வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்து மெல்ல மெல்லப் பழக்க வேண்டும்.

நுளம்பு: இது செடியைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. 2017இல் இந்நாட்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோய்க்கு ஆளானார்கள். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டு, போத்தலில் நிற்கும் மணி பிளான்ட், இலை நடுவில் தண்ணீர் தேங்கும் புரொமீலியாட் ஆகியவை டெங்கு நுளம்புக்குத் தொட்டில்கள். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். முட்டை பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உரசிக் கழுவ வேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் பொருந்தும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவதற்கு முன் நமது மனச்சாட்சி வந்து பார்க்க வேண்டும்.

இத்துடன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நமது குளங்களையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டிருக்கும் ஆகாயத்தாமரை, ஒரு காலத்தில் அழகுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட செடிதான். 1909இலேயே அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இன்னும் தீரவில்லை. நீர்ச்செடி விற்பவர்கள், மிஞ்சியதைக் கானிலோ குளத்திலோ வீசக் கூடாது. அதேபோல் காட்டிலிருந்து பிடுங்கி வரப்பட்ட ஓர்கிட்டுகளை வாங்கி விற்காதீர்கள். வெசாக் ஓர்கிட் போன்றவை இந்நாட்டில் மட்டுமே உள்ளவை, அருகி வருபவை.

கணக்கும் ஸகாத்தும்

சாமான் வியாபாரிக்கும் செடி வியாபாரிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆணி இறாக்கையில் சாகாது. கன்று சாகும். அதைக் கணக்கில் எடுக்காமல் விலை போடுபவர் நட்டப்படுவார்.

உதாரணமாக, 100 தண்டுத் துண்டுகளை நட்டு, பை, மண், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 40 ரூபா செலவானால் மொத்தம் 4,000 ரூபா. 30 செத்துவிட்டால் மீதி 70 கன்றுகள். ஒரு கன்றின் அடக்கவிலை இப்போது 57 ரூபா. 40 ரூபா என்று நினைத்து 55 ரூபாவுக்கு விற்பவர் இலாபம் என்று சொல்லிக்கொண்டே முதலைத் தின்கிறார். எனவே ஒவ்வொரு தொகுதிக்கும் நட்ட திகதி, நட்ட எண்ணிக்கை, செத்த எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். எந்தச் செடி அதிகம் சாகிறதோ அதில் நீங்கள் இன்னும் கற்க வேண்டியது உள்ளது.

விற்பனைக்காக வைத்துள்ள கன்றுகள் வியாபாரச் சரக்கு. வருடம் பூர்த்தியாகி நிஸாபை அடைந்தால் ஏனைய சரக்கைப் போலவே அன்றைய சந்தை விலையில் மதிப்பிட்டு 2.5 வீதம் ஸகாத் கொடுக்க வேண்டும். துண்டு வெட்டுவதற்காக நிரந்தரமாக வைத்துள்ள தாய்ச்செடி, நிழல் வலை, வாளி, கத்தரிக்கோல் போன்றவை தொழிற் கருவிகளைப் போன்றவை. உங்கள் கணக்கின் விபரத்தை ஊர் உலமா ஒருவரிடம் காட்டித் தெளிவுபெறுங்கள்.

குறை தெரியாமல் வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை உண்டு. மார்க்கச் சட்டம் அதைக் கியாருல் ஐப் என்கிறது. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பலகை மாட்டிவிட்டால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. வேரழுகிய கன்றோ, சொன்னதற்கு மாறான வகையோ திரும்பி வந்தால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுங்கள்.

ஒரு சிறு அட்டை

இப்போது என் கடையில் ஒவ்வொரு சாடியிலும் ஒரு சிறு அட்டை குத்தப்பட்டிருக்கும். பெரிய செலவில்லை. பழைய பெயின்ட் வாளி மூடியை வெட்டி, அழியாத மையால் எழுதுகிறோம். அதில் ஐந்து வரிகள்தான்.

1. செடியின் பெயர்.
2. வெயிலா, நிழலா.
3. தண்ணீர் எத்தனை நாளுக்கொரு முறை.
4. நஞ்சு உண்டா, இல்லையா.
5. இதன் குறை என்ன.

ஐந்தாவது வரியைப் பார்த்துச் சக வியாபாரி ஒருவர் சிரித்தார். "ஹாஜியார், குறையை எழுதி வெச்சா எவன் வாங்குவான்?" என்று கேட்டார். முதல் இரண்டு மாதம் அவர் சொன்னதுதான் நடந்தது. டிபன்பேக்கியா அப்படியே நின்றது. பிறகு ஆட்கள் தூரத்து ஊர்களிலிருந்தும் வந்து, "உங்கட கடையில சொல்லி விப்பீங்களாம்" என்று கேட்கத் தொடங்கினார்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களது வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும் என்று நபியவர்கள் சொன்னதாகப் புஹாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கிறது. அதை நான் காதால் கேட்டிருந்தேன். கல்லாவில் கண்டது பிறகுதான்.

அந்தச் சகோதரியும் இப்போது என் வாடிக்கையாளர்தான். ஒரு வருடத்துக்குப் பின் மீண்டும் வந்தார். எக்ஸோரா ஒன்றை எடுத்து, அட்டையை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தார். நான்காவது வரியில் விரலை வைத்து ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தார். அவர் அப்படிப் பார்த்ததில் எனக்குக் கவலையில்லை. எல்லா வாடிக்கையாளர்களும் அப்படிப் பார்க்க வேண்டும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று ஹதீஸில் வந்துள்ளது. கன்று விற்பவர் அந்த நன்மையின் வாசலில் நிற்பவர். அந்த வாசலில் பொய்யும் அறியாமையும் நிற்கக் கூடாது. உங்கள் கடை வாசலில் இப்போதும் பெயர் தெரியாத ஒரு சாடி இருக்குமானால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, இன்றே ஓர் இலையைப் பறித்துக்கொண்டு தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். பெயர் தெரியும் வரை அதை உள்ளே வையுங்கள்.

அல்லாஹ் நமது தொழில்களில் பரக்கத் செய்வானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.